மனிசி வராத பதினொரு பேர்

டென்மார்க்கில் இக்காஸ்ட் ஊரின் எல்லே அணிக்கு ஆள் எடுக்கிற கூட்டம் அந்தோனிதாசன் வீட்டில்தான் நடக்கும். அந்த நாளில் அந்த ஊரில் இருந்த தமிழரில் அநேகம் பேர் இரண்டு மூன்று பேராக அறை எடுத்து, கட்டிலிலேயே இருந்து சாப்பிட்டு, கட்டிலிலேயே இருந்து சண்டை பிடித்து, அதே கட்டிலில் படுத்து எழும்பியவர்கள். அந்தோனிதாசனுக்கு மனைவி விக்ரோரியா கூட இருந்தாள். மனைவி இருந்தபடியால் சோபா இருந்தது. தேத்தண்ணிக் கோப்பைகள் எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தன. வாயைக் கொஞ்சம் அடக்கிக் கதைக்க வேண்டிய தேவையும் இருந்தது.

அது எண்பத்தொன்பதாம் ஆண்டு ஆடி மாதம். ஆவணிக் கடைசியில் பிராண்டேயில் போட்டி. இக்காஸ்ட், சில்க்போர்க், பிராண்டே மூன்று ஊர்த் தமிழரும் ஒரு கிண்ணத்துக்காக அடிபடுகிற நாள். போன வருடம் கிண்ணத்தைப் பிராண்டேக்காரர் கொண்டுபோய்விட்டார்கள். அதை எங்கே வைத்திருக்கிறார்கள், அதில் பூ வைத்திருக்கிறார்களா சிகரெட் சாம்பல் தட்டுகிறார்களா என்பது வரைக்கும் இக்காஸ்ட்டில் கதை உலாவியது.

இலங்கையில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு எல்லே என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. போகாதவர்களுக்குச் சொன்னால், பொல்லால் ரெனிஸ் பந்தை அடித்துவிட்டு, நட்டிருக்கும் கொடிகளைச் சுற்றி ஓடி வரவேண்டும். பந்தை நிலத்தில் விழமுதல் பிடித்தாலும் அவுட், ஓடுகிறவன் மேல் எறிந்து பட்டாலும் அவுட். அடிக்கப் பந்து போட்டுத் தருகிறவன் சொந்தக் கட்சிக்காரன். ஆகவே பந்து சரியில்லை என்று எதிரியைத் திட்ட வழியில்லை. அமெரிக்காக்காரன் இதையே தொப்பியும் கையுறையும் போட்டு பேஸ்போல் என்று விளையாடிக் கோடி கோடியாக உழைக்கிறான் என்று நீக்கிலாஸ் சொல்வான். பின்னேரங்களில் பள்ளிக்கூட மைதானத்தில் இவர்கள் பழகுவதைப் பார்த்த டெனிஷ்காரர், வளர்ந்த ஆம்பிளைகள் சின்னப் பிள்ளைகளின் றுண்ட்போல் விளையாடுகிறார்கள் என்று நினைத்தார்கள். இங்கே மூங்கில் இல்லை. பண்ணைக் கடையில் விற்கிற மண்வெட்டிப் பிடிதான் பொல்லு.

விளையாடுகிறவன் பதினொரு பேர், அவர்களைப் பற்றிக் கதைக்கிறவன் ஊர் முழுக்க. அந்தக் கதைக்காரருக்கெல்லாம் தலைவர் சீவரத்தினம். ஐம்பது தாண்டியவர். துணி ஆலையின் சாயப் பகுதியில் ஈரத்துணி வண்டில் தள்ளி முதுகைக் கொடுத்துவிட்டு, இப்போது பெட்டி கட்டுகிற பக்கிங்கில் நிற்கிறார். சின்ன வயதில் அவர் அடித்த பந்து கடலுக்குள் போய் விழுந்ததாம். எந்தக் கடல் என்று கேட்டால் கோபம் வரும்.

"கோணேசன் அடிக்கிற அடியெல்லாம் அடியோ?" என்றார் சீவரத்தினம், பிஸ்கற்றைத் தேத்தண்ணிக்குள் நனைத்துக்கொண்டு. "புல்லோட உருட்டிவிடுறான். விளக்குமாத்தால கூட்டுறமாதிரி. அடியெண்டா ஆகாயத்தைப் பாக்கவேணும்."

கோணேசன் எதிரில்தான் இருந்தான். அவன் சிரித்தான். இது பழகிப்போன ஏச்சு.

"ஆகாயத்தைப் பாக்கிற அடியை எதிரியும் பாப்பான் அண்ணை," என்றான் நீக்கிலாஸ். பின்னல் இயந்திரத்தில் வேலை செய்கிற இருபத்திநாலு வயதுப் பெடியன், கலியாணம் கட்டாதவன், எதற்கும் எதிர்க்கதை வைத்திருப்பவன். "பாத்துப்போட்டுப் பிடிப்பான். பந்து எவ்வளவு தூரம் போச்சுதெண்டதோ முக்கியம்? ஆள் சுத்தி வந்து சேர்ந்தானோ எண்டதுதானே. கோணேசண்ணை அடிச்சா வந்து சேருவார்."

"வந்து சேருறது ஓட்டம். நான் அடியைப் பற்றிக் கதைக்கிறன்."

"அடிக்குப் புள்ளி குடுக்கிறவன் ஆர் அண்ணை? ஓட்டத்துக்குத்தானே குடுக்கிறான்."

"இவன் கடைக்குப் போனாலும் மீனைப் பாக்கமாட்டான், விலையைத்தான் பாப்பான்," என்று சீவரத்தினம் அந்தோனிதாசனிடம் முறையிட்டார்.

அந்தோனிதாசன் இதற்குள் தலைபோடவில்லை. அவர்தான் அணியை நடத்துகிறவர். கார் வைத்திருப்பவர், நகரசபையில், அதுதான் கொம்யூனில், மைதானத்துக்குக் கதைத்து எடுத்தவர், சில்க்போர்க்காரரோடு தொலைபேசியில் நாள் குறிப்பவர். குருநகர்க்காரர். கடலுக்குப் போய் வந்த மனிதருக்கு உரிய ஒரு குணம் அவரிடம் இருந்தது. வள்ளத்தில் ஏறாதவன் எவ்வளவு பெரிய கெட்டிக்காரனாக இருந்தாலும் அவனைக் கணக்கில் எடுக்கமாட்டார்.

"அடியும் வேண்டாம் ஓட்டமும் வேண்டாம்," என்றார் அவர். "வாறவன்தான் விளையாட்டுக்காரன். போன மாதம் சில்க்போர்க்கில என்ன நடந்தது?"

எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடமாகக் கொபனேகனில் அசையாமல் கிடந்த மனைவி பிள்ளைகளைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்கள் அந்த வருடம் தை மாதத்திலிருந்து அசையத் தொடங்கியிருந்தன. அரசாங்கத்துக்குள் ஏதோ பிரச்சினை, யாரோ நிற்பாட்டி வைத்தார்களாம், யாரோ கேள்வி கேட்டார்களாம் என்று டெனிஷ் பேப்பரில் வந்ததை வாசிக்கத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். மற்றவர்களுக்கு அது தேவைப்படவில்லை. பெண்சாதிமார் வரத் தொடங்கிவிட்டார்கள், அவ்வளவுதான் செய்தி. ஆனி மாதம் சில்க்போர்க்கில் விளையாட வேண்டிய அன்று இரண்டு பேர் கொபனேகன் கஸ்ற்றுப் விமான நிலையத்தில் பூங்கொத்தோடு நின்றார்கள். மூன்றாவது ஆளுக்கு முதல் நாள்தான் மனைவி வந்திருந்தாள், அவனைக் கதவில் தட்டிக் கூப்பிட யாருக்கும் மனம் வரவில்லை. இக்காஸ்ட் எட்டுப் பேரோடு விளையாடித் தோற்றது.

"ஆனபடியால இந்தமுறை ஒரு சட்டம்," என்றார் அந்தோனிதாசன். "ஆவணிக்குள்ள மனிசி வரக்கூடிய ஆளைப் பதினொண்டுக்குள்ள எடுக்கிறேல்லை. நல்லா விளையாடினாலும் எடுக்கிறேல்லை."

குசினி வாசலில் நின்ற விக்ரோரியா, "வரக்கூடியவை ஆரெண்டு நீங்கள் இருந்து தீர்மானிக்கப் போறியளோ?" என்று கேட்டாள்.

"பின்னே?"

"நல்லது. கொபனேகனில இருக்கிறவைக்கு வேலை மிச்சம்."

அவள் சொன்னதை யாரும் காதில் போடவில்லை. கூட்டம் உற்சாகமாகிவிட்டது. இதுவரைக்கும் யாருடைய கை நல்லது, யாருடைய கால் நல்லது என்று கதைத்தவர்கள் இப்போது யாருடைய கேஸ் எப்படி என்று கதைத்தார்கள். உண்மையில் இதில் அவர்களுக்கு இருந்த அறிவு எல்லேயில் இருந்ததைவிட அதிகம். யார் எப்போது விண்ணப்பம் போட்டவன், யாரைப் பொலிசில் கூப்பிட்டு விசாரித்தார்கள், யாருடைய மனைவி கொழும்புக்கு வந்து லொட்ஜில் இருக்கிறாள், யாருடைய பிறப்புப் பத்திரத்தில் பெயர் பிழை என்று ஒவ்வொருவனுக்கும் மற்றவனுடைய விசயம் தலைகீழ்ப் பாடம்.

"ஜோன்சன்?"

"ஜோன்சனுக்குச் சரி வந்திட்டுது. மேர்சி ஆவணியில வாறா. ரிக்கற் போட்டாச்சு."

"அப்ப ஜோன்சன் இல்லை. பாவம், நல்ல ஓட்டக்காரன்."

"பாவமோ? அவனைக் கேட்டுப்பார், பாவமோ எண்டு."

சிரித்தார்கள். மன்னார்ப் பெடியன் ஜோன்சன் அங்கே இல்லை. வேலையில் நின்றான்.

"பிலேந்திரன்?"

"இன்னும் விசாரணைக்கே கூப்பிடேல்லை. மாரிக்குத்தான். எடுக்கலாம்."

"நீக்கிலாஸ்?"

"எனக்கு மனிசியே இல்லை அண்ணை."

"உன்னை முதலே எடுத்தாச்சு. உன்னை ஆரும் கட்டமாட்டினம் எண்ட நம்பிக்கையில."

இப்படியே ஒவ்வொருவராக வந்து, எட்டு, ஒன்பது என்று நிரம்பியது. கோணேசனின் பெயரை யாரும் கேள்வியாகக் கேட்கவில்லை.

"கப்டன் கோணேசன்," என்றார் அந்தோனிதாசன். "அதில கதையில்லை."

"கதையில்லை," என்றார் சீவரத்தினமும். விளக்குமாறு என்று சற்று முன்னர் சொன்ன அதே வாய்.

கோணேசனுக்கு முதலில் சந்தோசமாகத்தான் இருந்தது. திருகோணமலைக்காரன் அவன். இக்காஸ்ட் அணியில் யாழ்ப்பாணத்தாரும் மன்னார்க்காரரும்தான் அதிகம், கப்டனும் எப்போதும் அந்தப் பக்கத்தால்தான் வருவான். மூன்று வருடமாக அடித்து அடித்துத்தான் இந்த இடத்துக்கு வந்தோம் என்று நினைத்தான். கோப்பையை எடுத்து ஒரு மிடறு குடித்தான். அந்த மிடறு இறங்குவதற்குள் மற்றது விளங்கியது.

அவனுக்கும் விண்ணப்பம் இருந்தது. மனைவி விமலாதேவியும் மகள் நிரோஜாவும் திருகோணமலையில் இருந்தார்கள். கலியாணம் கோயிலோடு முடிந்தது. பதிவுக்கு அடுத்த கிழமை போவோம், அதற்கடுத்த கிழமை போவோம் என்று இருந்தபோது பிரச்சினை வந்து, ஊரே இடம்பெயர்ந்து, பதிவு பதிவாகவே நின்றுபோனது. பிறகு பிள்ளை, பிறகு அவன் வெளிக்கிட்டது. பொலிசில் கேட்டபோது தாலி கட்டிய படத்தைக் காட்டினான். நல்ல படம், என்று அந்த அதிகாரி சொன்னார். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

"ஏன் என்னைப் பற்றி ஒருத்தரும் கேக்கேல்லை?" என்றான் கோணேசன்.

"உன்னைப் பற்றி என்னத்தைக் கேக்கிறது? நீதானே எங்கட நல்ல அடிக்காரன்," என்றார் அந்தோனிதாசன்.

"அதில்லை. என்ர மனிசியும் வரலாம்."

சீவரத்தினத்தின் பிஸ்கற் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. அவர் அதைக் கரண்டியால் தேடினார்.

"வருவா, வருவா," என்றார் பிறகு. "ஆர் இப்ப வரமாட்டா எண்டது? ஆவணிக்குள்ள எண்டுதான் கதை."

"ஆவணிக்குள்ளயும் வரலாம்."

"தம்பி," என்று அந்தோனிதாசன் மெதுவாகச் சொன்னார். "பதிவு இல்லாத கேஸ். உனக்கே தெரியும்."

தெரியும்தான். தெரிந்த விசயத்தை நாலு பேர் தேத்தண்ணி குடித்துக்கொண்டு முடிவாக்கி, அதன்மேல் கப்டன் பட்டமும் ஒட்டித் தந்தால், அது வேறு விசயமாகிவிடுகிறது. கோணேசன் சண்டை பிடிக்கிற ஆள் இல்லை. அவன் வேறு வழியில் போனான்.

"எனக்கு முழங்கால் சரியில்லை," என்றான்.

"எப்ப தொடக்கம்?"

"சாயத் தொட்டிக்குப் பக்கத்தில வழுக்கினனான். ஓடேக்க பிடிக்குது."

"போன ஞாயிறு மூண்டு தரம் சுத்தி வந்தனீங்கள்," என்றான் நீக்கிலாஸ். "பிடிச்ச காலோடயோ?"

"கையும் முந்தின மாதிரி இல்லை. ஈரத்துணி தூக்கித் தூக்கி விரல் மரத்துப்போச்சு. பந்து வந்து விழுந்தாலும் தெரியிறேல்லை. சீவரத்தினம் அண்ணை சொல்லுறது சரி, நான் அடிக்கிறது அடியில்லை."

இதைக் கேட்டதும் சீவரத்தினத்துக்கு ஆவேசம் வந்துவிட்டது. மற்றவன் ஏசினால் ஆமோதிப்பார், ஆனால் ஒருவன் தன்னைத்தானே ஏசினால் அவர் விடமாட்டார். "ஆர் சொன்னது அடியில்லையெண்டு? புல்லோட போற பந்தைப் பிடிக்கேலுமோ? குனியவேணும், குனிஞ்சா நேரம் போகும், அந்த நேரத்துக்குள்ள நீ ரெண்டாவது கொடி தாண்டிப் போடுவாய். பிராண்டேக்காரன் உன்னைக் கண்டால் ரெண்டு பேரைப் பின்னுக்கு விடுறான், ஏன்? பயத்தில. போன வருசம் உன்ர அடி இல்லாட்டி நாங்கள் மானம் கெட்டுப்போய் வந்திருப்பம். உன்னை விட்டா ஆர் இருக்கினம், சொல்லு பாப்பம்?"

நீக்கிலாஸ் சிரித்து உருண்டான். கோணேசன் சிரிக்கவில்லை. தன்னைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தை அவன் டென்மார்க்கில் கேட்டதில்லை. ஒவ்வொன்றும் விமலாதேவியை ஒரு கிழமை பின்னுக்குத் தள்ளுகிறமாதிரி இருந்தது. அவனுக்கே அது மடைத்தனமான நினைப்பு என்று தெரிந்தது. எல்லே அணிக்கும் கொபனேகனில் இருக்கிற அலுவலகத்துக்கும் என்ன சம்பந்தம். ஆனாலும் இரண்டு வருடமாக ஒருவரும் ஒரு காரணமும் சொல்லாமல் காக்க வைத்தால், மனிதன் எதையும் எதோடும் முடிந்து பார்க்கத்தான் செய்வான்.

போகும்போது விக்ரோரியா கதவடியில் அவனிடம் ஒரு பாத்திரத்தில் இடியப்பம் கட்டித் தந்தாள். "இதுகளின்ர கதையை விடுங்கோ அண்ணை," என்றாள். "நான் வருவன் எண்டும் ஒருத்தரும் சொல்லேல்லை."

அந்த மாதம் முழுக்கக் கோணேசன் கெடுத்து விளையாடப் பார்த்தான். பழகுகிற நாளில் பந்தை வேண்டுமென்று மேலே தூக்கினான், பிடி கொடுத்து அவுட் ஆகட்டும் என்று. பிடிக்கவேண்டிய பிலேந்திரன் வெயிலில் கண் கூசித் தவறவிட்டான். பார்த்துக்கொண்டிருந்த சீவரத்தினம், ஆகாயத்தைப் பார்த்த அடி கடைசியில் வந்துவிட்டது, தன் பேச்சைக் கேட்டுத் திருந்திவிட்டான் என்று ஊர் முழுக்கச் சொன்னார். ஒரு நாள் பிந்திப் போனான். வேலை முடிந்து களைத்து வந்தும் வருகிறான், இவனல்லவா கப்டன் என்றார்கள். தவறவிட நினைத்த பந்து கையில் ஒட்டிக்கொண்டது. பத்து மணித்தியாலம் நனைந்த துணியைப் பிடித்து இழுக்கிற கைக்கு, வருகிற பொருளை விடுவதற்குத் தெரியவில்லை. கடைசியில் அந்த முயற்சியை விட்டுவிட்டான்.

ஜோன்சன் நடுவில் ஒரு நாள் வந்தான், கேக் துண்டுகளோடு. மேர்சி வருகிற விமானம், நாள் எல்லாம் சொன்னான். புதுக் கட்டில் வாங்கிவிட்டானாம், அறையில் இருந்த மற்ற இரண்டு பேரும் வேறு இடம் பார்த்துவிட்டார்களாம். "நான் இல்லாட்டியும் வெல்லுங்கோ," என்றான். எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் சொன்னான். உள்ளே வந்து ஒருக்கால் பொல்லைப் பிடித்துப் பார் என்று கூப்பிட்டபோது கையை ஆட்டி மறுத்துவிட்டான். மற்றவர்கள் அதைக் கவனிக்கவில்லை. கோணேசன் கவனித்தான்.

போட்டி அன்று சனிக்கிழமை. மழை இல்லை, ஆனால் காற்று இருந்தது. காலையில் இக்காஸ்ட் சில்க்போர்க்கை வென்றது. அதில் கோணேசனின் அடி நல்ல அடி. சீவரத்தினம் எல்லையில் நின்று சில்க்போர்க்காரருக்குக் கேட்கத்தக்கதாக, "விளக்குமாறு, விளக்குமாறு," என்று பெருமையாகக் கத்தினார். பின்னேரம் பிராண்டேயோடு கடைசிப் போட்டி. அதில் முதல் பாதி முடிகிற நேரம் பிலேந்திரன் முயல் தோண்டிய கிடங்கில் காலை விட்டு விழுந்தான். கணுக்கால் பாண் மாவு மாதிரிப் பொங்கியது. அவனைத் தூக்கிக் கரையில் வைத்தார்கள்.

மேலதிகமாக வருகிறோம் என்ற இரண்டு பேரும் வரவில்லை. ஒருவனுக்கு வேலை. மற்றவனின் மனைவி வந்து மூன்று கிழமை, அவளைக் கடல் காட்டக் கூட்டிப்போய்விட்டான். அந்தோனிதாசன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்ற நேரத்தில்தான் மைதானத்துக் கதவால் ஜோன்சன் உள்ளே வந்தான்.

வெள்ளைச் சேட், மடிப்புக் கலைந்த கறுப்புக் களிசான், பளபளக்கிற சப்பாத்து. கையில் சின்னப் பயணப் பை. முதல் நாள் கொபனேகனுக்குப் போனவன். விமானம் வந்தது, மேர்சி அதில் இல்லை. தொலைபேசி எடுத்துப் பார்த்ததில், கொழும்பில் ஊரடங்கு, பஸ் ஒன்றும் ஓடவில்லை, அவள் மன்னாரிலிருந்து வருகிற வழியில் புத்தளத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் நிற்கிறாள் என்று தெரிந்தது. இரவு விமான நிலையத்திலேயே ஒரு வாங்கில் இருந்துவிட்டு, காலையில் ரயில் ஏறி, வைலேயில் மாறி, இக்காஸ்ட் போகாமல் பிராண்டேயிலேயே இறங்கிவிட்டான். புதுக் கட்டில் கிடக்கிற அறைக்குத் தனியப் போக அவனுக்கு மனமில்லை. இதை அவன் இரண்டு மூன்று வசனத்தில் சொல்லி முடித்தான்.

"அட பாவமே," என்றார் அந்தோனிதாசன். உண்மையான பாவம்தான் அது. ஆனால் அவருடைய கண் அதற்குள் ஜோன்சனின் காலுக்குப் போய்விட்டது. "தம்பி, பிலேந்திரன் விழுந்திட்டான். உன்ர சைசுக்கு அவன்ர சப்பாத்து வரும்."

"நான் விளையாட வரேல்லை அண்ணை."

"சும்மாதானே நிக்கிறாய்," என்றார் சீவரத்தினம். "உன்னைவிட ஓடுறவன் மூண்டு ஊரிலயும் இல்லை. கடவுள் கொண்டுவந்து இறக்கின மாதிரி வந்திருக்கிறாய். மனிசி அடுத்த கிழமை வருவா, இண்டைக்கு வரப்போறேல்லைத்தானே?"

ஜோன்சனின் முகம் சுருங்கியது. அந்தக் கடைசி வசனம்தான். அவன் பையை மற்றக் கைக்கு மாற்றினான்.

"நான் இந்தப் பதினொண்டில இல்லை," என்றான். "நீங்கள்தானே விட்டனீங்கள்."

"அது அப்ப. இப்ப நிலைமை வேறை."

"என்ன வேறை?"

அந்தப் பக்கம் பிராண்டேக்காரர் கைதட்டி, ஆள் இல்லையென்றால் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போங்கோ என்று நக்கலடித்தார்கள். கிண்ணம் தங்களிடம்தான் இருக்கிறது என்பதை அந்த நேரம் அவர்களும் மறந்துவிட்டார்கள்.

"கப்டன், நீ சொல்லு," என்றார் அந்தோனிதாசன். "நீ சொன்னா இறங்குவான்."

ஜோன்சன் கோணேசனைப் பார்த்தான். கெஞ்சுகிற பார்வை என்று சொல்ல முடியாது. வேலைத்தலத்தில் கடைசி வண்டிலைத் தள்ளி முடித்தவன், இன்னொன்று வருகிறதா என்று வாசலைப் பார்க்கிற பார்வை அது. இவனை இறக்கினால் வெல்லலாம். கோணேசனுக்கு அதில் சந்தேகம் இருக்கவில்லை. பிராண்டேக்காரரில் கொடிக்குக் கொடி இவனைத் துரத்தி எறியக்கூடியவன் யாரும் இல்லை. கப்டனாக வந்த முதல் வருடமே கிண்ணம். திருகோணமலைக்காரன் கொண்டுவந்தது என்று நாலு வருடத்துக்குச் சொல்வார்கள்.

"ஓம், ஜோன்சன் இதில இல்லை," என்றான் கோணேசன். "அவன்ர மனிசி வரப்போறா. நீ போய்ப் பையை வைச்சிட்டு இரு தம்பி."

"உனக்கென்ன விசரோ?" என்றார் சீவரத்தினம். "அப்ப ஆர் இறங்கிறது?"

"நீங்கள்."

சீவரத்தினம் பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவரும் இல்லை.

"ஏன் அண்ணை, கடலுக்குள்ள அடிச்சனீங்கள்தானே," என்றான் நீக்கிலாஸ். அவன் கோணேசனை ஒரு மாதிரிப் பார்த்தான். "இஞ்சை கடல் தூரம், பயப்பிடாதையுங்கோ."

இதற்கு மேல் பின்வாங்கினால் இக்காஸ்ட்டில் இருக்க முடியாது என்று சீவரத்தினத்துக்குத் தெரியும். கோட்டைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றிப் பிலேந்திரனிடம் கொடுத்தார், பிறகு யோசித்துவிட்டுத் திரும்ப வாங்கிப் போட்டுக்கொண்டார்.

ஆட்டம் நல்ல ஆட்டமாகத்தான் போனது. தடுக்கிற நேரம் சீவரத்தினத்தைப் பந்து போகாத மூலையில் நிறுத்தினான் கோணேசன். அடிக்கிற முறை வந்தபோது அவனே முதலில் இறங்கி, புல்லோடு அடித்துச் சுற்றி வந்தான். நீக்கிலாஸ் பந்து போட்டுத் தர, மற்றவர்களும் ஒன்றும் பாதியுமாகச் சேர்த்தார்கள். கடைசி ஆளுக்கு வந்தபோது இரண்டு கட்சியும் சரிக்குச் சரி. ஒரு சுற்று முழுதாக வந்தால் இக்காஸ்ட்டுக்குக் கிண்ணம். வராவிட்டால், முதல் நாளே பேசிய விதிப்படி, கிண்ணம் வைத்திருக்கிறவனுக்கே கிண்ணம்.

கடைசி ஆள் சீவரத்தினம்.

முதல் பந்தை விட்டார். இரண்டாவதைக் காற்றில் வீசினார். மூன்றாவதுக்கு நீக்கிலாஸ் கிட்ட வந்து, மெதுவாக, குழந்தைக்குப் போடுகிறமாதிரிப் போட்டுக் கொடுத்தான். மண்வெட்டிப் பிடி பந்தின் நடுவில் விழுந்தது. பந்து எழும்பியது. பிடிக்க நின்றவர்களின் தலைக்கு மேலால், எல்லையில் காலை நீட்டி இருந்த பிலேந்திரனுக்கும் மேலால், வேலிச் செடிகளுக்குள் போய் விழுந்தது. அந்த மைதானத்தில் அன்று அடித்த அடிகளில் அதுதான் தூரம். அதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

சீவரத்தினம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓடுங்கோ," என்று கத்தினார்கள். விக்ரோரியாவும் கத்தினாள். அவர் ஒரு கையைக் கண்ணுக்கு மேலே வைத்து, பந்து செடிக்குள் இறங்கி முடியுமட்டும் பார்த்தார். பிறகுதான் பொல்லைப் போட்டுவிட்டு ஓடினார். முதல் கொடி, இரண்டாம் கொடி, முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மூன்றாம் கொடி. பிராண்டேப் பெடியன் ஒருவன் செடிக்குள் பாய்ந்து பந்தை எடுத்து இன்னொருவனுக்கு எறிய, அவன் ஓடி வந்து, கடைசிக் கொடிக்கு ஆறேழு அடி இருக்கும்போது அவருடைய முதுகிலேயே, நோகிற இடத்தில், பட்டென்று எறிந்தான்.

கரையில் ஜோன்சன் பயணப் பைக்கு மேல் குந்தியிருந்தான். அவன் கைதட்டவும் இல்லை, எழும்பவும் இல்லை.

திரும்பி வருகிற காரில் ஐந்து பேர். அந்தோனிதாசன் ஓட்டினார். பக்கத்தில் சீவரத்தினம் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு இருந்தார். பின்னால் கோணேசன், நீக்கிலாஸ், ஜோன்சன். ஜோன்சன் ஏறியவுடனேயே கண்ணாடியில் தலையைச் சாய்த்து நித்திரையாகிவிட்டான். விக்ரோரியா பிலேந்திரனோடு வேறு காரில் ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

"அடிச்சனான் எல்லோ?" என்றார் சீவரத்தினம். "அதை ஒருத்தரும் சொல்லக் காணேல்லை."

"அடிச்சனீங்கள். பிறகு நிண்டு படம் பாத்தனீங்கள்," என்றான் நீக்கிலாஸ்.

"அடிச்ச பந்து எங்கை போகுதெண்டு பாக்காமல் ஆரடா ஓடுவான்?"

"கோணேசண்ணை ஓடுவார்."

"அவன்ர பந்தில பாக்க என்ன இருக்கு."

காடு முடிந்து வயல் வரும்வரைக்கும் இந்த வாக்குவாதம் போனது. தோல்விக்குக் காரணம் அடியா, ஓட்டமா, முயலா என்று எல்லாம் அலசி முடிந்தது. பிறகு அந்தோனிதாசன் கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

"கோணேஸ். ஜோன்சனை ஏன் விட்டனி?"

"சட்டம் நீங்கள் போட்டதுதானே அண்ணை."

"சட்டம் ஆள் வராமல் விடுவான் எண்டு போட்டது. அவன்தான் வந்து நிண்டானே."

"அவன் விளையாட வரேல்லை. இருக்க இடமில்லாமல் வந்தவன்."

லொறி ஒன்று முன்னால் போனது, அந்தோனிதாசன் அதைக் கடக்கிற வேலையில் இருந்தார். சீவரத்தினத்துக்கு அந்த மறுமொழி போதவில்லை. தோற்றது, முதுகு நோவு, நூறு பேருக்கு முன்னால் எறி வாங்கியது எல்லாம் சேர்ந்து ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தன.

"ஒரு கப்டனுக்கு ஆளைத் தெரியவேணும்," என்றார். "ஆர் எதுக்கு உதவுவான் எண்டு பாத்தவுடன தெரியவேணும். ஓடக்கூடியவனை இருத்திப்போட்டு ஒரு நோயாளியை இறக்கிறவன் கப்டனோ? நான் சொல்லுறன், அடுத்த வருசம் இவன் கப்டன் இல்லை."

"அடுத்த வருசக் கதையை அடுத்த வருசம் பாப்பம்," என்றார் அந்தோனிதாசன்.

"இல்லை, இப்பவே முடிவெடுக்கவேணும். கப்டனும் இல்லை, பதினொண்டிலயும் இல்லை. இவனை நம்பி ஆள் எடுக்கேலாது." அவர் விரலை மடக்கத் தொடங்கினார். "நீக்கிலாஸ் ஒண்டு. பிலேந்திரன், கால் மாறினா ரெண்டு."

ஒவ்வொரு பெயராகச் சொல்லி, ஒவ்வொருவனுக்கும் ஒரு குறையும் ஒரு நிறையும் வைத்து, மனிசி வரக்கூடியவர்களையும் கழித்து, இக்காஸ்ட்டின் முதல் வீடுகள் தெரியத் தொடங்கும்போது பதினொன்றுக்குக் கிட்ட வந்துவிட்டார். கோணேசன் முன்னுக்குச் சாய்ந்து கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். அவனுடைய பெயர் வரவில்லை.

"இதென்ன கதை," என்று நீக்கிலாஸ் நிமிர்ந்தான். "கோணேசண்ணையை விட்டா அடிக்கிறது ஆர்?"

கோணேசன் அவனுடைய முழங்காலில் கையை வைத்து அழுத்தினான்.

"விடு," என்றான். "அவர் சொல்லி முடிக்கட்டும்."